ஒரே உறையில் இரண்டு வாள்: எதிரெதிர் பிராந்திய வல்லரசுகள் நிலையான கூட்டணி அமைக்க முடியுமா?

2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. நடுவில் சீனாவின் மூத்த ராஜதந்திரி வாங் யீ. அவருக்கு ஒரு பக்கம் சவூதி அரேபியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், மறுபக்கம் ஈரானின் பாதுகாப்பு மன்றச் செயலர். 2016 ஜனவரியில் தெஹ்ரானில் சவூதித் தூதரகம் தாக்கப்பட்டதோடு அறுந்துபோன உறவை ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் இணைக்க இரு நாடுகளும் அன்று ஒப்புக்கொண்டன. மேற்காசியாவில் புதிய கூட்டணி பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. இது வெறும் நாடகம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரு சாராருமே ஒரே இடத்தில்தான் தவறினார்கள் என்பது என் எண்ணம். அன்று கையெழுத்தானது கூட்டணியே அல்ல.

அது என்ன, கூட்டணி என்றால் என்ன, ஒரே பகுதியில் முதலிடத்துக்குப் போட்டியிடும் இரண்டு நாடுகள் உண்மையிலேயே நீண்ட காலம் சேர்ந்திருக்க முடியுமா? இந்தக் கேள்விகளைப் புதிதாக அணுகுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்வதேச அரசியலில் முன்பயிற்சி எதுவும் தேவையில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திகளில் "உறவு", "கூட்டாண்மை", "கூட்டணி" என்று மூன்று சொற்களும் கலந்து புழங்குகின்றன. மூன்றுக்கும் எடை வேறு.

சண்டையில் இருந்த இரண்டு நாடுகள் தூதரகத்தைத் திறந்து பேச்சைத் தொடங்குவது இணக்கம். சவூதியும் ஈரானும் 2023-இல் செய்தது இதைத்தான். இரண்டு மாதத்துக்குள் தூதரகங்களைத் திறப்பது, ஒருவர் விவகாரத்தில் மற்றவர் தலையிடாமல் இருப்பது, 1998-லும் 2001-லும் போட்ட பழைய ஒப்பந்தங்களுக்கு மீண்டும் உயிர் கொடுப்பது என்பவையே அதில் இருந்தன. உனக்கு ஆபத்து வந்தால் நான் வருவேன் என்று ஒரு வரிகூட இல்லை.

வணிகம், எல்லை, நீர், எரிசக்தி போன்ற குறிப்பிட்ட விஷயங்களில் தொடர்ந்து சேர்ந்து வேலை செய்வது ஒத்துழைப்பு. "உத்திசார் கூட்டாண்மை" என்று அறிக்கைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

உத்திசார் கூட்டணி இவற்றைவிடக் கடினமானது. என் பாதுகாப்பு உன் கையில் ஓரளவு இருக்கிறது, உன் பாதுகாப்பு என் கையில் ஓரளவு இருக்கிறது என்று இரண்டு அரசுகளும் ஏற்றுக்கொள்கின்றன. தாக்குதல் நடந்தால் உதவுவது, படைகளைச் சேர்த்துத் திட்டமிடுவது, உளவுத் தகவலைப் பகிர்வது எல்லாம் அதற்குள் வரும். இதில் ஏமாந்தால் இழப்பது பணம் மட்டுமல்ல. நாடே போகலாம்.

எங்கோ இருக்கும் பெரிய நாட்டோடு கூட்டணி வைப்பது எளிது. அந்த நாடு நம் எல்லையில் இல்லை, நம் ஆற்றுத் தண்ணீரைத் தடுக்கப்போவதில்லை. பக்கத்தில் இருக்கும் போட்டியாளரோடு கூட்டணி வைப்பதுதான் சிக்கல். இன்று நாம் பகிர்ந்துகொள்ளும் ரகசியம் நாளை நம்மீதே பாயலாம். அவர் வளர வளர நம் இடம் சுருங்குகிறது என்ற எண்ணமும் கூடவே வரும். இதை ஒப்பீட்டு லாபச் சிக்கல் என்பார்கள். ஓர் உடன்பாட்டால் எனக்குப் பத்தும் உனக்குப் பதினைந்தும் கிடைத்தால், பத்து கிடைத்த மகிழ்ச்சியைவிட உனக்குக் கூடுதலாகப் போன ஐந்துதான் என் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த ஐந்தை நாளை நீ ஆயுதமாக மாற்றலாம் என்பதால் இந்தப் பயத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

எதிரிக்கு எதிரி எத்தனை நாள் நண்பன்?

போட்டியாளர்களை ஒரே பக்கம் சேர்க்கும் முதல் விசை பொது அச்சுறுத்தல். சவூதி–ஈரான் உறவின் பழைய பக்கங்களிலேயே இதைப் பார்க்கலாம். இரண்டு நாடுகளுக்கும் இடையே உள்ள பகை ஷியா–சன்னி வேறுபாட்டிலிருந்து மட்டும் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1970-களில் இரண்டும் அமெரிக்காவின் பக்கம் நின்று, வளைகுடாவின் இரட்டைத் தூண்கள் என்றே அழைக்கப்பட்டன. மதப் பிரிவு அப்போதும் அதேதான். 1979 ஈரானியப் புரட்சிக்குப் பிறகுதான் உறவு கசந்தது. 1987-இல் மக்காவில் ஹஜ் காலத்தில் நடந்த மோதலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1988-இல் சவூதி உறவைத் துண்டித்தது. 1990-இல் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. இரு நாடுகளுக்கும் ஒரே ஆபத்து கண்முன் தெரிந்தது. 1991 மார்ச்சில் தூதரக உறவு திரும்பிவிட்டது! பிறகு அந்த ஆபத்து மங்கியது. 2003-இல் சதாம் வீழ்ந்ததும், காலியான இடத்தை யார் நிரப்புவது என்ற போட்டி ஈராக்கிலேயே தொடங்கியது.

பொது எதிரி போட்டியாளர்களைச் சேர்த்துவைப்பான். சேர்த்தே வைத்திருக்க அவனால் முடியாது. எதிரி பலவீனமாகும் நாளில் கூட்டணியின் காரணமும் பலவீனமாகிவிடுகிறது. அதுமட்டுமல்ல, எதிரி பலமாகவே இருந்தாலும் அவனை எப்படிக் கையாள்வது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து இருக்கவேண்டிய அவசியமில்லை.

இந்த இரண்டாவது ஆபத்துக்குச் சரியான சான்று சீனாவும் சோவியத் ஒன்றியமும். 1950 பிப்ரவரி 14 அன்று மாஸ்கோவில் முப்பது ஆண்டுகளுக்கான நட்பு, கூட்டணி, பரஸ்பர உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே சித்தாந்தம், ஒரே எதிரி, எழுத்தில் உதவி வாக்குறுதி. கூட்டணிக்கு வேண்டும் என்று நாம் நினைக்கும் எல்லாமே அதில் இருந்தன. ஆனால் ஸ்டாலின் மறைந்தபின் சோவியத் தலைவரான குருஷேவ் அமெரிக்காவோடு சமாதானமாக வாழ வழி தேடினார். சீனத் தலைவர் மாவோ அதைக் கோழைத்தனமாகப் பார்த்தார். கம்யூனிச உலகில் யார் சொல் செல்லும் என்ற கேள்வியும் உள்ளே கனன்றது. 1959-இல் அணுகுண்டின் மாதிரியைத் தர மாஸ்கோ மறுத்தது. 1960-இல் சீனாவிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் வல்லுநர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பல தொழிற்சாலைகளின் வேலை பாதியில் நின்றது. 1964-இல் சீனா தானாகவே அணுகுண்டு வெடித்தது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் நடுவே இருக்கும் சிறு தீவில் இரு படைகளும் ஒன்றையொன்று சுட்டன. அப்போதும் அந்த உதவி ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறையில்தான் இருந்தது. 1980-இல் புதுப்பிப்பார் இல்லாமல் அது காலாவதியானது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, படை உதவிக்கு உறுதி கொடுத்த இரண்டு நாடுகள் அந்த உறுதி உயிரோடு இருக்கும்போதே துப்பாக்கியை உயர்த்திக்கொண்டன என்பதால். கையெழுத்து நாட்டைக் கட்டுவதில்லை. மீறினால் என்ன இழப்பு வரும் என்ற கணக்குதான் கட்டுகிறது.

ஆட்சியாளரோடு போய்விடும் கூட்டணிகள்

இன்னொரு பலவீனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955-இல் உருவான பாக்தாத் உடன்படிக்கையில் ஈராக், துருக்கி, ஈரான், பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகள் இருந்தன. 1958 ஜூலையில் ஈராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே, உடன்படிக்கை எந்த நகரத்தின் பெயரைத் தாங்கியதோ அந்த நகரமே அதிலிருந்து விலகியது. 1975-இல் ஈரானும் ஈராக்கும் அல்ஜியர்ஸில் எல்லை ஒப்பந்தம் செய்தன. ஈராக் சார்பில் கையெழுத்திட்டவர் அப்போது துணைத் தலைவராக இருந்த சதாம் உசேன். 1980 செப்டம்பரில் அதே சதாம் அதைச் செல்லாது என்று அறிவித்து, சில நாட்களில் ஈரான்மீது படையெடுத்தார். எட்டு ஆண்டுப் போர் தொடங்கியது. 1955 உடன்படிக்கையை ஆட்சிமாற்றம் உடைத்தது. 1975 ஒப்பந்தத்தை உடைக்க ஈராக்கில் அதுகூடத் தேவைப்படவில்லை. கையெழுத்திட்டவரே போதுமானவராக இருந்தார்.

இந்த வகை உடன்பாடுகளில் மக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. தொழிலதிபர், பொறியாளர், எல்லையோரக் குடும்பம் என்று யாருடைய பிழைப்பும் அதில் சிக்கியிருக்கவில்லை. அதனால் உடைந்தபோது உள்நாட்டில் தடுத்துக் குரல் கொடுக்க யாரும் இல்லை.

பிரேசிலும் அர்ஜென்டினாவும்

இந்தப் பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத கதை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

தென் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் பிரேசிலும் அர்ஜென்டினாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே போட்டியிட்டன. 1970-களின் பெரும்பகுதியில் இரண்டிலும் ராணுவ ஆட்சி. 1973-இல் பரானா ஆற்றில் இத்தாய்ப்பு அணையைக் கட்டப் பிரேசிலும் பராகுவேயும் ஒப்பந்தம் போட்டன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அர்ஜென்டினா பதறியது. போர் மூண்டால் பிரேசில் மதகைத் திறந்து தலைநகர் புவெனஸ் அயர்ஸையே மூழ்கடிக்கலாம் என்ற அச்சம் அங்கே இருந்தது. இதற்கு மேல், இரண்டு நாடுகளும் யுரேனியம் செறிவூட்டும் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இரண்டுமே சேரவில்லை. அவன் குண்டு செய்கிறானோ என்ற சந்தேகம் இருபுறமும் இருந்தது. ஒரு பிராந்தியம் அணு ஆயுதப் போட்டிக்குள் சரிவதற்கான எல்லா அறிகுறிகளும் அங்கே தெரிந்தன.

முதலில் தண்ணீர்ச் சண்டை முடிந்தது. 1979 அக்டோபரில் பராகுவேயையும் சேர்த்து மூன்று நாடுகள் அணைகளின் உயரம், நீர் வெளியேற்றம் பற்றி உடன்பாடு கண்டன. இது இல்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது. 1980-இல் அணுசக்தி ஒத்துழைப்புக்கு முதல் ஒப்பந்தம். 1982-இல் ஃபாக்லாண்ட் போரில் அர்ஜென்டினா பிரிட்டனிடம் தோற்றது. அந்த நேரத்தில் லண்டனில் அர்ஜென்டினாவின் நலன்களைக் கவனித்துக்கொண்டது பிரேசில். எதிரி விழுந்து கிடக்கும்போது மிதிக்காமல் விட்டது புவெனஸ் அயர்ஸில் மறக்கப்படவில்லை. 1983-இல் யுரேனியம் செறிவூட்டும் திறன் தங்களிடம் இருப்பதை உலகத்துக்கு அறிவிப்பதற்கு முன்பே அர்ஜென்டினா பிரேசில் அதிபருக்குத் தனியாகத் தெரிவித்தது.

பிறகு இரண்டு நாடுகளிலும் ராணுவ ஆட்சி முடிந்தது. 1985 நவம்பர் 30 அன்று அர்ஜென்டினா அதிபர் ராவுல் அல்ஃபோன்சினும் பிரேசில் அதிபர் ஜோசே சார்னேயும் இகுவாசுவில் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1987-இல் அல்ஃபோன்சின், தன் நாட்டின் ரகசியச் செறிவூட்டல் நிலையமான பில்கனியெவுக்கே பிரேசில் அதிபரை அழைத்துப்போய்க் காட்டினார். அடுத்த ஆண்டு சார்னே, பிரேசில் கடற்படையின் அராமர் அணு நிலையத் திறப்புக்கு அர்ஜென்டினா அதிபரை அழைத்தார். யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று அந்த நிலையங்கள் கட்டப்பட்டனவோ, அவருக்கே கதவு திறந்தது.

அதிபர்களின் நல்லெண்ணத்தோடு இது நின்றிருந்தால், அடுத்த தேர்தலில் மறைந்திருக்கும். 1991 ஜூலையில் இரு நாடுகளும் அணுப்பொருட்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கும் பொது முகமை ஒன்றை அமைத்தன. தலைமையகம் ரியோ டி ஜெனீரோ. அதன் விதி எளிமையானது: அர்ஜென்டினாவின் நிலையங்களைப் பிரேசிலியர்கள் சோதிப்பார்கள், பிரேசிலின் நிலையங்களை அர்ஜென்டினர்கள் சோதிப்பார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையும் இதில் இணைந்தது. அதே 1991 மார்ச்சில் பராகுவே, உருகுவேயோடு சேர்ந்து மெர்கோசூர் வணிகக் கூட்டமைப்பும் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாடுகளிலும் இடதும் வலதுமாக ஆட்சிகள் மாறின, பொருளாதாரங்கள் சரிந்தன, அதிபர்கள் ஒருவரையொருவர் வெளிப்படையாகத் திட்டிக்கொண்டார்கள். சோதகர்கள் போய்வருவது நிற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் ஒருவரையொருவர் நம்பியதால் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான். நம்பிக்கை போதாததால்தான் சோதனை ஏற்பாடு வந்தது. ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகு நம்பிக்கை மெல்ல ஊறியது. "முதலில் நம்பிக்கை வளரட்டும், பிறகு ஒப்பந்தம்" என்று சொல்லும் அரசுகள் வண்டியை முன்னால் விட்டு மாட்டைப் பின்னால் கட்டுகின்றன.

நிலக்கரி முதலில், படை பிறகு

பிரான்சும் ஜெர்மனியும் எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் போர்களில் மோதியவை: 1870, 1914, 1940. இன்று அவற்றின் கூட்டணியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது எந்த வரிசையில் நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் முன்வைத்தது நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் வைக்கும் யோசனை. பீரங்கி செய்யத் தேவையான பொருள்கள் இரண்டும் பொதுக் கண்காணிப்பில் வந்தால் ரகசியமாக ஆயுதம் குவிக்க முடியாது. 1951-இல் ஆறு நாடுகள் அதில் கையெழுத்திட்டன. அந்த வேகத்தில் பொது ராணுவம் ஒன்றும் வேண்டும் என்று அடுத்த ஆண்டே ஒப்பந்தம் போட்டார்கள். 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே அதை நிராகரித்தது. நிலக்கரியைப் பகிர்ந்துகொள்ள மக்கள் தயாராக இருந்தார்கள். பழைய எதிரியின் கையில் மறுபடி துப்பாக்கி கொடுக்க இன்னும் தயாராகவில்லை.

இன்னொரு விஷயமும் இங்கே உண்டு. மேற்கு ஜெர்மனி மீண்டும் படை திரட்டியபோது பிரான்ஸ் ஓரளவு அமைதியாக இருந்ததற்குக் காரணம், 1949-இல் உருவான நேட்டோவும் ஜெர்மன் மண்ணிலேயே இருந்த அமெரிக்கப் படைகளும். இருவரையும்விடப் பலமான மூன்றாமவர் நடுவில் நின்றார். எகிப்து–இஸ்ரேல் அமைதியிலும் இதே நிலைதான்: 1979 மார்ச் 26 ஒப்பந்தத்தின் பின்னால் அமெரிக்கப் பணமும், 1982 முதல் சினாயில் நிற்கும் பன்னாட்டுக் கண்காணிப்புப் படையும் இருந்தன. அந்த அமைதிக்காக எகிப்து பத்து ஆண்டு அரபு லீக்கிலிருந்து விலக்கிவைக்கப்பட்டது, அதிபர் அன்வர் சதாத் 1981-இல் கொல்லப்பட்டார். ஒப்பந்தம் பிழைத்தது. ஆனால் இரு நாட்டு மக்களிடையே அது நட்பாக மாறவில்லை. நீடிக்கிறது, ஆனால் கூட்டணி என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறு கிரேக்கமும் துருக்கியும். 1952-இல் இரண்டும் ஒன்றாக நேட்டோவில் சேர்ந்தன. காகிதத்தில் முழுக் கூட்டாளிகள். 1974-இல் சைப்ரஸ் விவகாரத்தில் போரின் விளிம்புக்குப் போனார்கள். கிரேக்கம் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து ஆறு ஆண்டு விலகி நின்றது. சைப்ரஸ், ஏஜியன் கடலில் யாருக்கு எவ்வளவு கடல் என்பது போன்ற அடிப்படைத் தகராறுகளைத் தீர்க்காமலே ஒரே கூட்டணிக்குள் இருந்ததன் விளைவு இது. நேட்டோ இல்லாமல் இருந்திருந்தால் முழுப் போரே நடந்திருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வணிகம் மட்டும் போதுமா?

வணிகம் பெருகினால் பகை தானாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்தியாவையும் சீனாவையும் பாருங்கள். 2005-இல் "உத்திசார் கூட்டாண்மை" அறிவித்தார்கள். பிரிக்ஸ் அமைப்பில் ஒரே மேசையில் அமர்கிறார்கள். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே இருதரப்பு வணிகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. எல்லை எது என்றே ஒத்துக்கொள்ளாத இடத்தில் எத்தனை கப்பல் சரக்கு போய்வந்தாலும், ஓர் இரவில் நடக்கும் கைகலப்பை அது தடுப்பதில்லை. அதோடு அந்த வணிகம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இந்தியா வாங்குவது மிக அதிகம், விற்பது குறைவு. இது ஒருவரை மற்றவரிடம் மாட்டிவைக்கிறது. மாட்டிக்கொண்டவருக்கு வருவது நன்றி அல்ல, பயம். ஒப்பீட்டு லாபத்தைப் பற்றி முன்பு சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

அப்படியானால் பதில்?

முடியும். ஆனால் அரிது, நேரம் எடுக்கும், அதன் தொடக்கம் பெரும்பாலும் கூட்டணி போலவே இருக்காது. எல்லை, தண்ணீர், கடல் என்று எதில் அடிப்படைச் சண்டையோ அதற்கு முதலில் ஒரு முடிவு வேண்டும். பிறகு இருவரும் ஒருவரையொருவர் சோதிக்கும் அன்றாட ஏற்பாடு, தலைவர்கள் மாறினாலும் நிற்காத வகையில். படை உதவி வாக்குறுதி கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். பிரேசிலும் அர்ஜென்டினாவும் தங்களுக்குள் தனிப் படைக் கூட்டணி ஒன்றைக் கட்டியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர்மீது ஒருவர் போர்த்திட்டம் போடும் காலம் கடந்துவிட்டது. எனக்கு இது பெரும்பாலான கூட்டணிகளைவிட உயர்ந்த சாதனையாகவே தெரிகிறது.

இனி பெய்ஜிங் புகைப்படத்துக்குத் திரும்பிப் பாருங்கள். புதுப்பிக்கப்பட்ட 1998, 2001 ஒப்பந்தங்கள் ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்தாகி, தூங்கிப்போனவை. சவூதிக்கும் ஈரானுக்கும் காகிதத்தில் குறை இருந்ததே இல்லை. நடுவில் நின்ற சீனா ஒப்பந்தத்துக்குச் சாட்சி. மீறியவரைத் தடுக்கப் படை அனுப்பும் காவலர் அல்ல.

அவர்களுடைய நிலக்கரி எது, அணை எது என்று தேடினால், வளைகுடாவின் வடக்கே கடலுக்கடியில் ஓர் எரிவாயு வயல் இருக்கிறது. சவூதியும் குவைத்தும் அதை துர்ரா என்கின்றன. தங்கள் இருவருக்கு மட்டுமே சொந்தம் என்கின்றன. ஈரான் அதை ஆரஷ் என்கிறது, தனக்கும் பங்குண்டு என்கிறது. தூதரகங்கள் திறந்த அதே 2023 கோடையில் இந்தத் தகராறு மறுபடி தலைதூக்கியது. அந்த வயலுக்கு ஒரு கடல் எல்லை வரையப்பட்டு, அங்கே வெளியேறும் வாயுவின் அளவை இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே கருவியில் பார்த்து ஒரே பதிவேட்டில் எழுதும் நாள் வந்தால், அன்றைய செய்தி உள்பக்கத்தில் நான்கு வரியாகத்தான் வரும். பெய்ஜிங் புகைப்படத்தைவிட அந்த நான்கு வரியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.